பூச்சி கேட்டது

பூச்சி பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தண்ணீர் கேட்டதில்லை, தூக்கச் சொல்லிக் கை நீட்டியதில்லை, அந்தப் பொம்மை வேண்டும் என்று விரல் காட்டியதில்லை. நாலு வயசு முடிந்துவிட்டது. பிறந்தபோது இத்தனூண்டு இருந்தாள் என்று அப்பன்காரன் ஆசையாகப் பூச்சி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்பது வேறு விஷயம். வாஷிங் மெஷின் கடைசிச் சுற்று சுற்றும்போது மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வந்து அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொள்வாள்.

அம்மாக்காரிக்கு ஒரே ஓர் ஆசைதான். பூச்சி பேசட்டும், பேசாமல் போகட்டும். பள்ளிக்கூடம் போகட்டும், போகாமல் இருக்கட்டும். தன்னிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரோ, வானத்து நிலாவோ, என்ன எழவாக இருந்தாலும் சரி. பிள்ளை கேட்டு நாம் கொடுத்தோம் என்று ஒரு நாள் சொல்லிக்கொள்ள வேண்டும். மற்ற தாய்மார்கள் கடைவாசலில் நின்று, "இது வேணும் அது வேணும்னு உயிரை எடுக்குதுங்க" என்று புலம்பும்போது இவளுக்கு வயிறு எரியும். எடுக்கட்டுமே, அப்படி ஓர் உயிரை யாராவது எடுக்கட்டுமே என்று தோன்றும்.

"அவ ஏன் கேக்கணும்? நீங்கதான் கேக்கவே விடுறதில்லையே" என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர். அவருடைய அறையில் ஒரு குட்டி மேசை, இரண்டு குட்டி நாற்காலி, சுவரில் உயரமாக ஒரு அலமாரி. பிள்ளைகளுக்குப் பிடித்த சாமான்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டாத மாதிரி அதில் இருக்கும். கேட்டால்தான் இறங்கும். "தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே தண்ணியை வாயில வச்சிடுறீங்க. மூக்கு ஒழுகுறதுக்கு முன்னாடியே துடைச்சிடுறீங்க. அப்புறம் உங்ககிட்ட அவளுக்கு என்ன வேலை?"

அம்மாக்காரிக்குச் சுருக்கென்றது. பெற்றவளுக்கு வேறு என்ன வேலை என்று திருப்பிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டாள்.

"காத்திருங்க. பேச்சுதான் வரணும்னு இல்ல. கையைப் பிடிச்சு இழுத்தாலும் கேட்டதுதான். ஒரு சாமானைக் கொண்டுவந்து வச்சாலும் கேட்டதுதான். ஆனா கேட்டா உடனே குடுத்துடணும். இரு, அப்புறம்னு சொல்லிடாதீங்க. முதல் தடவை கேட்டுக் கிடைக்கலன்னா ரெண்டாவது தடவை கேக்க மாட்டா."

சாப்பாட்டு விவகாரம் தனிக் கதை. கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் பிள்ளை தெளிந்துவிடும் என்று உணவு ஆலோசகர் ஒருத்தர் அடித்துச் சொன்னார். டீச்சரிடம் கேட்டதற்கு, "உறுதியா யாரும் நிரூபிச்சதா எனக்குத் தெரியல. டாக்டரைக் கேட்டுக்குங்க, பிள்ளை மெலிஞ்சிடாமப் பாத்துக்குங்க" என்று பட்டும் படாமல் சொன்னார். அம்மாக்காரியோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் வந்ததுதான். வீட்டிலிருந்த பிஸ்கட், ரொட்டி, பால் பவுடர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அதோடு பூச்சியின் பன்னும் போயிற்று. மேலே பளபளவென்று, உள்ளே பஞ்சு பஞ்சாக இருக்குமே, அந்தச் சாதாரண பன்தான். பூச்சிக்கு அதுதான் உயிர்.

பதிலுக்கு அரிசி மாவில் ஒரு பிஸ்கட் சுடக் கற்றுக்கொண்டாள். கடித்தால் பலகை. டீச்சர் சொன்ன மாதிரி அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். பூச்சி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வழியில் போய்விடுவாள். பின்னே? அதைப் போய் யார் கேட்பார்கள்!

யார் வீட்டுக்கும் போவதை நிறுத்தினாள். போனால் யாராவது, "ஒரு துண்டு கேக்குதானே, என்ன ஆயிடப் போகுது" என்று ஆரம்பிப்பார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எத்தனை கைகளைத்தான் காவல் காப்பது? கூப்பிட்டவர்களும் நாளடைவில் கூப்பிடுவதை விட்டார்கள். மிச்சம் இருந்தது நாத்தனாரின் போன் ஒன்றுதான். "எங்க பெரியவனும் லேட்டாத்தான் பேசினான் அண்ணி, இப்ப வாயே மூட மாட்டேங்குறான்" என்பாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்தாலும், அந்தப் போனும் வராத வாரங்களில் இவள் அதையே எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

புருஷன் பஸ் டிரைவர். விடிவதற்கு முன்னால் போய்ச் சாயங்காலம் திரும்புவான். அவன் வந்ததும் இவள் கிளம்ப வேண்டும். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆல்டரேஷன் கடையில் வேலை. கால்சட்டை நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், இடுப்பைப் பிரித்து விடுவாள். வருகிற ஆட்கள் எல்லாம் தாங்கள் குண்டான கதையை இவளிடம் விலாவாரியாகச் சொல்வார்கள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, "உம், உம்" என்று கேட்டுக்கொள்வாள். இவள் கதையைக் கேட்க நாதி கிடையாது.

புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொள்வது வாசலில்தான்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"தூங்கினாளா?"

"கொஞ்சம்."

அவன் உள்ளே வருவான், இவள் செருப்பை மாட்டுவாள். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

இப்படி இருக்கையில், கடைக்கு லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம். அம்மாக்காரி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான். பூச்சி எழுந்து வாசல்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அம்மாவின் செருப்பு, இரண்டு காலும். அதை அம்மாவுக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள்.

அம்மாக்காரிக்குக் கை கால் ஓடவில்லை. "என்னங்க! இங்க பாருங்க! கேட்டுட்டா, பூச்சி கேட்டுட்டா!" என்று கத்தினாள். டிரைவர் திடுக்கிட்டு எழுந்தான். செருப்பைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். அவன் முகம் என்னமோ போல் ஆயிற்று. தூக்கக் கலக்கம் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"போலாம்டா கண்ணு, இப்பவே போலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டாவது படியிலேயே பூச்சி ஊரைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். வளைந்து நெளிந்து இடுப்பிலிருந்து வழுக்கி, அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடிப் போனாள். பின்னாலேயே வந்த அம்மாவின் தொடையில் இரண்டு கையையும் வைத்து வாசல் பக்கமாகத் தள்ளினாள்.

"வெளிய போகணுங்குறா, போனா அழுறா. என்னதான் வேணுமாம் இவளுக்கு?" என்று அம்மாக்காரி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, கோதுமையை நிறுத்தினது வீண் போகல. அந்த ஆளு சொன்னது சொன்னபடி நடக்குது."

டிரைவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நாத்தனாருக்கு இவளே போன் போட்டாள். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற குரலில் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த இரண்டு ஞாயிறும் பூச்சி அதையே செய்யவும், டீச்சரிடம் ஓடினாள். டீச்சருக்கும் முகமெல்லாம் பல்.

"செருப்பைக் கொண்டுவந்து வச்சாளா? அப்ப அது கேட்டதுதான், சந்தேகமே இல்ல. சரி, எங்க போகணுமாம்?"

"அதுதான் டீச்சர் தெரியல. தூக்கிட்டுப் போனா வீட்டுக்கே திரும்ப ஓடுறா. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கொண்டுவந்து வைக்கிறா."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா அவ கேக்குறது வேற, நீங்க குடுக்குறது வேற. நீங்களா ஒண்ணை முடிவு பண்ணிக்காதீங்க. என்னன்னு கண்டுபிடிச்சு, அதையே குடுங்க."

அம்மாக்காரி மண்டையைக் குடைந்துகொண்டாள். பூங்காவா, பஸ்ஸா, மாடிப்படியில் விளையாட்டா? தையல் மெஷினில் உட்காரும்போதும் அதே நினைப்பு. ஒருத்தர் கால்சட்டையின் ஒரு காலை மட்டும் குறைத்துவிட்டுத் திட்டு வாங்கினாள். அது அவளுக்கு உறைக்கக்கூட இல்லை. என் மகள் என்னிடம் ஒன்று கேட்கிறாள் என்ற நினைப்பு வயிற்றில் கதகதவென்று இருந்தது.

ஒரு நாள் கடையில் கரண்ட் போயிற்று. மெஷின் ஓடாது, வீட்டுக்குப் போ என்று விட்டார்கள். சந்தோஷமாக ஓடி வந்தாள். சாவியைப் போட்டுச் சத்தமில்லாமல் திறந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அடுப்பங்கரையில் விளக்கு எரிவது தெரிந்தது. எட்டிப் பார்த்தாள்.

டிரைவர் யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். பூச்சி அவனுக்கு எதிரே. அவள் அவனுடைய கையை எடுத்து, அவன் வேலைக்குக் கொண்டுபோகும் பையின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள், நேராகக் கண்ணுக்குள். "என்ன வேணும் என் ராசாத்திக்கு?" என்றான் அவன். பூச்சி உள்ளங்கையை விரித்தாள். பையிலிருந்து காகிதப் பொட்டலம் வந்தது. பொட்டலத்திலிருந்து பன் வந்தது. அவன் பிட்டுக் கொடுத்தான். பூச்சி தின்றாள், மறுபடியும் கையைப் பைமேல் வைத்தாள், மறுபடியும் பார்த்தாள். வாய் நிறையப் பன்னை வைத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள்.

அம்மாக்காரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எத்தனை நாளா நடக்குது இது?"

டிரைவர் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினான். பேருக்குத்தான் தள்ளினான், கையும் களவுமாக மாட்டிய பிறகு என்ன மறைப்பது?

"நீ நிறுத்தின மறு வாரத்துலேர்ந்து" என்றான்.

"அடப்பாவி மனுஷா! நான் அரிசி மாவுல வெந்து சாகுறேன், சொந்தக்காரங்க வாசலை மிதிக்கிறதில்ல, நீங்க நோகாம பேக்கரியில வாங்கி ஊட்டிட்டு இருக்கீங்களா? என்னை ஒரு பைத்தியக்காரியா நெனச்சீங்களா?"

"திட்டு. நல்லாத் திட்டு. தப்புதான்" என்றான். "நீ பகல் பூரா அவகூட இருக்க. நான் வர்ற நேரத்துல நான் அவளுக்கு யாரு? நாற்காலி மாதிரி ஒரு சாமான். மேல ஏறுவா, இறங்குவா, மூஞ்சியைப் பாக்க மாட்டா. அன்னிக்கு எனக்குப் பசின்னு பன்னைப் பிரிச்சேன். என்னைப் பாத்தா. பொறந்ததிலேர்ந்து முதல் தடவை பாத்தா. அதுக்கப்புறம் எனக்கு விட மனசு வரல."

"அப்ப செருப்பு?" என்றாள். கேட்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தலையைத் தொங்கப் போட்டான். "நீ செருப்பு போட்டுட்டுப் போனாத்தானே நான் பையைத் திறப்பேன். அவ அதைத்தான் பாத்து வச்சிருக்கா. அந்த ஞாயித்துக்கிழமையே எனக்குப் புரிஞ்சுது. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றது?"

ஆக, அதைத்தான் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு மகள் வாய்திறக்காமல் முதல்முதலாகக் கேட்டது: நீ போ. அம்மாக்காரிக்கு ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது. சாப்பாட்டால் வந்த தெளிவும் பொய், ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னதும் பொய். இந்த வீட்டில் இரண்டு பேருக்குள் ஒரு சிநேகம் முளைத்திருக்கிறது, அது தான் இல்லாத நேரத்தில் முளைத்திருக்கிறது. அது மட்டும்தான் நிஜம்.

பூச்சி எழுந்தாள். இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அம்மா இப்போதுதான் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்துக்கொண்டு வந்து காலுக்கு முன்னால் வைத்தாள். இடது வலது மாறாமல் ஒழுங்காக வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து, இத்தனை நாள் அப்பனை மட்டும் பார்த்த அந்தப் பார்வையால், அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். கறுகறுவென்று இரண்டு கண். பெற்றவளுக்கே அந்தக் கண்ணின் ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வேண்டாம்மா, அவளுக்கு விவரம் பத்தாது. நீ உக்காரு" என்றான் டிரைவர்.

"சும்மா இருங்க" என்றாள். "கேக்குறாள்ல."

செருப்பை மாட்டிக்கொண்டாள். இரு, அப்புறம் என்றெல்லாம் சொல்லவில்லை. வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே காகிதம் சரசரத்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கெக்கெக்கே சிரிப்பும் கேட்டது. படிக்கட்டுச் சுவரில் சாய்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுது தீர்த்தாள்.

கீழ்வீட்டு அம்மா துணி வாளியோடு மாடிக்கு ஏறி வந்தவள் நின்றாள். "என்ன இங்க நிக்கிறீங்க? சாவியை மறந்துட்டீங்களா?"

அம்மாக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாவியெல்லாம் இருக்குங்க" என்றாள். "என் பொண்ணு ஒண்ணு கேட்டா. குடுத்துட்டு நிக்கிறேன்."