பனியன் வேஸ்ட்டில் ஒரு ரிவர்ஸ் டைவ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பைக் துடைக்க ஒரு கிலோ பனியன் வேஸ்ட் வாங்கத்தான் வேஸ்ட் வியாபாரி ஜனனியின் குடோனுக்குப் போனேன். பரணிலிருந்து ஒரு பெண் எம்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, கலர் கலரான வெட்டுத்துணிக் குவியலுக்குள் தலைகீழாகச் செருகி மறைந்தாள். ஜனனி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயப்படாதீங்க. லஞ்ச் டைம்ல தினமும் விழுவாங்க."

2

முதல் தொடக்கம்: 'தண்ணீர் அவளை அழைத்தது.' (அடித்துவிட்டேன். தண்ணீருக்கு வேறு வேலை இல்லையா?)

இரண்டாவது: 'பதினாறு வயதில் தேசிய டைவிங் போட்டியில் வெண்கலம் வாங்கிய ரோஸ்மேரியை விதி ஒரு செக்கிங் டேபிளில்...'

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். குவியலுக்குள் விழுந்த அந்த ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கம். பத்தொன்பது வயதில், ரிவர்ஸ் டைவில், தலை பலகையில் இடித்து ஏழு தையல். (ரிவர்ஸ் என்றால் தண்ணீரைப் பார்த்து எம்பி, பலகை இருக்கும் பக்கமாகவே சுழல்வது. எந்த அறிவாளி கண்டுபிடித்தானோ.) அதோடு விட்டாள். டெய்லர் சகாயராஜைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தெட்டு வயதில் மறுபடி குதிக்கக் கிளம்பிவிட்டாள்.

கதைக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று கேட்டேன்.

"காலு துறுதுறுன்னுச்சு. வேற என்ன காரணம்?"

3

வார நாட்களில் சாப்பாட்டு வேளையில் ஜனனியின் வேஸ்ட் குவியல். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையில் ஒரு கல்லூரிக் குளம், நிஜமான ஸ்பிரிங் போர்டு. சகாயராஜ் கூடவே போவார், கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும்.

மற்ற டைவ்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. பதினோரு ஞாயிறுகள் பலகையின் நுனிவரை போய், தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டு, நடந்தே திரும்பி வந்தாள்.

4

சென்னையில் மாநிலப் போட்டி. கடைசிச் சுற்று, ரிவர்ஸ். இங்கே அவளுக்குத் தங்கம் கொடுத்து ஒரு முடிவு எழுதிப் படித்துக் காட்டினேன்.

"நான் நாலாவதுதான் வந்தேன். அப்படியே எழுதுங்க."

'கண்ணீரோடு நாலாவது இடத்தை...'

"நான் எப்ப அழுதேன்?"

நடந்தது இதுதான். நடந்தாள், நிற்கவில்லை. பலகை அவளைத் தூக்கி எறிந்தது. சுழலும்போது பலகையின் நுனி மூக்குக்கு ஒரு சாண் தள்ளி மேலே போனதைப் பார்த்தாள். அது போய்விட்டது, தலை பத்திரமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தண்ணீருக்கு அடியில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கிடந்தாள்.

மேலே வெறும் குமிழிகள். அன்றைக்கென்று கண்ணைத் திறந்து வைத்திருந்த சகாயராஜ் கம்பியைத் தாண்டி ஓடி, பேண்ட், செருப்பு, செல்போனோடு குளத்தில் பாய்ந்தார்.

ரோஸ்மேரிதான் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"நீச்ச தெரியாதவிய எதுக்குக் குதிச்சிய?"

"நீ மேல வரலயேட்டி."

"உள்ள சிரிச்சிட்டுக் கெடந்தேன்."

பிறகு இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து இருமினார்கள், சிரித்தார்கள். அடுத்த போட்டியாளர் பலகையில் ஏற முடியாமல் காத்து நின்றாள்.

5

முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. அவளுக்கு ஐந்து நடுவர்கள் மார்க் போட்டுவிட்டார்கள். சகாயராஜுக்கு யாருமே போடவில்லை. "எனக்கு எத்தன போடுவாவ?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வயிறு முதலில் விழுந்தது. கால்கள் இரண்டு திசையில். ஒரு செருப்பு தனியாகப் பறந்தது.

பூஜ்யத்திலிருந்து பத்துவரை போடலாம், அரை மார்க்கும் உண்டு. நீங்களே போடுங்கள். குளத்தின் ஆழம் பதினாறு அடி.