வாய்வு

ஊக்கு விரலுக்குள் இறங்கியிருந்தது எல்சிக்குத் தெரியவில்லை. சேலையின் தோள்மடிப்பைச் சேர்த்துப் பிடித்திருந்த இடதுகை விரல் நுனியில் ரத்தம் பொட்டாகத் திரண்டு, சந்தன நிறப் பட்டில் இறங்கிப் பரவியதை பீரோக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வலிக்கவில்லை. வேறு யாருடைய விரலையோ வேறு யாரோ குத்திவிட்டதைப் போல இருந்தது. ஊக்கைப் பிடுங்கி, வேண்டுமென்றே இன்னொரு தடவை குத்தினாள். பக்கத்து விரலையும் குத்தினாள். இரண்டும் கட்டையாகக் கிடந்தன.

"அடிப்பாவி, பட்டுல ரத்தத்த ஆக்கிட்டியே!" அம்மா ஆரோக்கியம் பின்னாலிருந்து வந்து முந்தானையைப் பிடுங்கி, எச்சில் தொட்டுத் தேய்த்தாள். "மாப்ள வீட்டுக்காரங்க நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நிக்கிறாங்களாம். இன்னும் தலைய வாரல நீ."

"அம்மா, வெரல் மரத்துப் போச்சு. குத்துறது தெரியல."

"வாய்வு."

காலையில் தோள்பட்டை மூட்டுக்குள் குடைச்சல் தொடங்கியபோதும் அம்மா இதையேதான் சொன்னாள். ஏரோப்ளேனில் ஒரே இடத்தில் குந்தியிருந்தால் வாய்வு பிடிக்காமல் என்ன செய்யும் என்று, பூண்டு காய்ச்சிய எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு சோடா. இந்த ஊரில் முதுகு பிடித்தால் வாய்வு, முழங்கால் மடங்காவிட்டால் வாய்வு, நெஞ்சடைத்துச் செத்தவனுக்கும் கடைசி நிமிஷம்வரை வாய்வு என்று சொல்லி யாராவது சோடா உடைத்திருப்பார்கள். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி மிதித்தவள் என்ற திமிரோடு எல்சி இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள். இன்றைக்குச் சண்டை போட வழியில்லை. இது நிஜமாகவே வாய்வுதான்.

மாலத்தீவில் ஒரு ஸ்கூபா டைவிங் கப்பலில் அவள் வழிகாட்டி. வருகிறவர்கள் ஒரு வாரம் கப்பலிலேயே தின்று கப்பலிலேயே தூங்கி, தீவு தீவாகப் போவார்கள். சிலிண்டர்களை ஏற்றிய தோணி ஒன்று கூடவே வரும். அங்கேயும் அதைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள். அதிலிருந்து அவர்களைப் பவளப்பாறைகளுக்கும், கடலடியில் துருவேறிச் சாய்ந்து கிடக்கிற ஒரு பழைய சரக்குக் கப்பலுக்கும் இறக்கிக் கூட்டிப்போய், தலையை எண்ணி மேலே கொண்டுவருவது அவள் வேலை. கீழே அழுத்தத்தில் இழுக்கிற காற்றிலிருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே வந்தபின் மூச்சு வழியாக மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அது போகிறவரை, ஒரு முழுநாளாவது, விமானம் ஏறக் கூடாது. ஏறினால் அங்கே அழுத்தம் குறைந்து, மூடி திறந்த சோடா மாதிரி உடம்புக்குள் குமிழ் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் வலியோடு போகும். தண்டுவடத்தில் கிளம்பினால் கால் போய்விடும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறவளே அவள்தான்.

நேற்று மத்தியானம் அந்தச் சரக்குக் கப்பலிலிருந்து ஏறிவந்து தலையைக்கூடத் துவட்டவில்லை, அண்ணன் ஆண்டனியின் போன். "அப்பாவுக்கு சீரியஸ். ஐ.சி.யூ.ல வச்சிருக்கோம். உன் பேரத்தான் சொல்லிட்டிருக்காரு." பின்னால் அப்பாவின் குரல், மூச்சு வாங்க, "எல்சீ..." என்றது. டைவிங் தலைவர் ஹசன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார், நாளை ராத்திரிவரை பொறு என்று. நாளை ராத்திரி எங்கள் அப்பா இருப்பாரா, உன்னால் சொல்ல முடியுமா என்று கத்தினாள். கடலுக்கடியில் இருந்தவள் மறுநாள் காலையில் கொழும்பு வழியாகத் திருச்சியில் இறங்கினாள். வெண்ணாற்றங்கரை வீட்டு வாசலில், ஐ.சி.யூ.வில் கிடக்க வேண்டிய சகாயநாதன் சலவைச் சட்டையோடு நின்று, வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். "வாம்மா" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா சாகப்போகிறார் என்று சொல்லி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட அவளை வரவழைத்திருக்கிறார்கள்.

காலை முழுக்கக் கத்தித் தீர்த்தாயிற்று. முழுகியது, ஏறியது, ஏறக் கூடாததில் ஏறியது, எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. அப்பா கேட்டுக்கொண்டே நாற்காலி துடைத்தார். அப்போது தோள்வலி மட்டும்தான் இருந்தது. இப்போது விரல். சேலையை வழித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இடது பாதத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் யாரோ தலையணை வைத்தது மாதிரி இருந்தது.

ஆண்டனி தட்டில் மிக்சர் கொட்டிக்கொண்டிருந்தான். குவைத்தில் ஏ.சி. மாட்டுகிற வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, தங்கச்சி கல்யாணம் முடியாமல் தன் கல்யாணத்தைப் பேச முடியாமல் முன்னந்தலையில் வழுக்கை ஏறிக்கொண்டிருக்கிறவன்.

"அண்ணே, கார எடு. எனக்கு ஆக்சிஜன் வேணும். மெட்ராஸ்ல இந்தக் குமிழ அமுக்கிக் கரைக்கிற பிரஷர் சேம்பர் இருக்கு, ரோட்டு வழியாவே போயிடணும். வெரல்ல ஆரம்பிச்சது காலுக்கு வந்துடுச்சு. லேட்டாச்சுன்னா திரும்பாது."

"நடிக்காதடி."

"யாரு நடிச்சது? ஐ.சி.யூ.ல இருந்துக்கிட்டு சேர் எறக்குனது யாரு?"

"மெதுவாப் பேசு. அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்பறம் நீ சொல்ற எடத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இத்தன வருசமா உன் இஷ்டத்துக்குத்தான ஆடுற? ஒரு பொழுது எங்களுக்காக ஒக்காரு."

பொய் சொல்லி வரவழைத்தவன், அவள் சொல்வதையும் தப்பிக்கச் சொல்லும் பொய்யாகவே எடுத்துக்கொண்டான். இருந்தாலும் அவன் முகத்தில் எங்கேயோ சின்னதாக ஒரு பயம் ஓடியிருக்க வேண்டும். ஊர் கிளினிக் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"கை கால் மரத்துப்போகுதா? கேஸ் ஃபார்ம் ஆயிருக்கும்மா. கேஸ் மாத்திர ஒண்ணு போட்டுட்டுப் படுங்க."

"ஆமா டாக்டர், கேஸ்தான். நைட்ரஜன் கேஸ். ரத்தத்துக்குள்ள இருக்கு. நான் டைவர். நேத்து முப்பது மீட்டர்..."

டாக்டர் சிரித்தார். "கூகுள்ல பாத்தீங்களா? அதப் பாத்தா எல்லாருக்கும் எல்லா வியாதியும் இருக்கும்."

"கேட்டுக்கிட்டியா?" என்றான் ஆண்டனி.

எல்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி 108-க்கு அடித்தாள். பேஷண்ட் யாரு என்று கேட்டாள் அந்தப் பக்கத்துப் பெண். நான்தான் என்றாள். ஆக்சிடெண்டா, பாம்புக் கடியா, நெஞ்சு வலியா? எதிலும் சேராமல் நின்றாள் எல்சி. கை கால் விழுந்துகொண்டிருக்கிறது, ஆக்சிஜனோடு வாருங்கள் என்று மட்டும் சொல்லி வழி சொன்னாள். போனை வைக்கும்போது வாசலில் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. "வாங்க வாங்க, டீச்சர் வாங்க" என்று அம்மாவின் குரல் பாட்டாக ஏறியது. ரயில்வே கேட் திறந்துவிட்டது போலிருக்கிறது.

மாப்பிள்ளை ரெஜின் நல்லவனாகவே தெரிந்தான். செல்போனைப் பார்க்காமல் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா ஃபிளோரா டீச்சரும், மோதிரங்கள் போட்ட மாமா ஒருவரும். அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கப்பல்ல ஆபீஸ் வேலைங்க. உள்ளேயே ஏ.சி. ரூம். வெயில்கூடப் படாது." எல்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தரை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் இடதுகாலை வைக்க வேண்டியிருந்தது. வெட்கப்பட்டுத் தலை குனிந்து வருகிறாள் என்று டீச்சர் நினைத்திருக்கலாம். திருப்தியாக ஒரு சிரிப்பு சிரித்தாள்.

நிற்கக் கூடாது. நடக்கக் கூடாது. ஆக்சிஜன் வருகிறவரை மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கப்பலில் யாருக்காவது இப்படி வந்தால் தளத்திலேயே கிடத்திவிடுவார்கள், அவன் கோடீஸ்வரனாக இருந்தாலும். எல்சி கூடத்தின் நடுவே விரித்திருந்த ஜமுக்காளத்தில், மாப்பிள்ளையின் காலடிக்கு நேராக, பட்டுச்சேலையோடு மல்லாந்து படுத்துக் கண்களை உத்தரத்தில் வைத்துக்கொண்டாள்.

"பிட்ஸா?" என்றாள் ஃபிளோரா டீச்சர், எழுந்து நின்று. "பொண்ணுக்கு பிட்ஸ் இருக்கா? சொல்லவே இல்லையே!"

"ஐயோ இல்லங்க டீச்சர், வாய்வுங்க. பூண்டி மாதா சத்தியமா வாய்வுதாங்க."

"கையில இரும்பக் குடுங்க" என்று மாமா தன் கார்ச் சாவிக் கொத்தையே அவளுடைய இடது உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடினார். எல்சி அதைக் கண்ணால் பார்த்தாள். சாவி உள்ளே இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்பதைக் கையால் சொல்ல முடியவில்லை. எனக்கு பிட்ஸ் இல்லை, எனக்கு நினைவு நன்றாக இருக்கிறது, உங்கள் எல்லோரையும் விட நன்றாக இருக்கிறது என்று கத்தினாள். பிட்ஸ் வந்தவர்கள் கத்துவார்கள் என்று மாமா ரெஜினிடம் விளக்கினார்.

108 வந்தது. உள்ளே ஓடிவந்தது வண்டியின் முதலுதவிப் பெண் சைத்தூன் பீவி, நீலச் சட்டைக்கு மேல் முக்காட்டை இறுக்கிக் கட்டியவள். தனக்கு என்ன என்றும், ஆக்சிஜன் வைத்தால் நடுவில் எடுக்கவே கூடாது என்றும் எல்சி சொன்னதைக் கேட்டாள். "இந்த வியாதிய நான் கேள்விப்பட்டதில்லம்மா. ஆக்சிஜன் கேக்குறீங்க, இருக்கு, தரேன்" என்று முகமூடியை மூக்கின்மேல் அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வந்தது. "இப்பப் பேசாதீங்க. வீட்டுல உள்ளவங்க சொல்லுங்க. என்னன்னு சொல்லி மெடிக்கல் காலேஜ்ல எறக்குறது?"

"பிட்ஸ்" என்றார் மாமா.

"அவங்க கடலுக்குள்ள டைவ் அடிக்கிறவங்களா? ப்ளைட்ல வந்தாங்களா?" சைத்தூன் பீவி ஆண்டனியைப் பார்த்துக் கேட்டாள்.

ஆண்டனி டீச்சரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "இல்லங்க. கப்பல்ல ஆபீஸ் வேலைதான். கடல்ல எறங்குறதெல்லாம் இல்ல."

எல்சி முகமூடியைப் பிய்த்தாள். "பொய்! நான்..."

"எடுக்காதீங்கம்மா!" சைத்தூன் பீவி மறுபடி அழுத்தினாள். "நீங்கதான் எடுக்கக் கூடாதுன்னீங்க!"

எல்சிக்கு அப்போதுதான் நிலைமை முழுசாக உறைத்தது. மூச்சு வேண்டுமென்றால் வாய் கிடையாது. வாய் வேண்டுமென்றால் மூச்சு கிடையாது. பிட்ஸ் என்று சொல்லி இறக்கினால் ஊசி போட்டுத் தூங்கவைப்பார்கள். தூங்கி எழும்போது குமிழ்கள் தண்டுவடத்தில் தங்கள் வேலையை முடித்திருக்கும். அவளுடைய கால் இப்போது அவள் கையில் இல்லை. இந்தக் கூடத்தில் நிற்கிறவர்கள் வாயில் இருந்தது. ரெஜின் ஏதோ கேட்க வாயெடுத்தான். மாமா அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். எல்சி முகமூடிக்கு மேலிருந்து அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. முறைத்தாள்.

சகாயநாதன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். துண்டின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "எம்பையன் சொல்றது பொய்" என்றார். கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "பொய்ம்மா. அவ ஆபீஸ்ல இல்ல. கடலுக்கடியில முங்குறவ. நேத்து மத்தியானம்வரைக்கும் தண்ணிக்குள்ளதான் இருந்திருக்கா. ஏரோப்ளேன் ஏறக் கூடாதுன்னு அங்க தடுத்திருக்காங்க. ஏறிட்டா."

"தெரிஞ்சும் ஏன் ஏறுனாங்க?"

"நான் சாகக் கெடக்குறேன்னு சொன்னோம். நானே போன்ல மூச்சு வாங்கிக் காட்டுனேன்."

ஃபிளோரா டீச்சர் தண்ணீர் டம்ளரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஆண்டனி குனிந்து, ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தான்.

ஆம்புலன்சில் அப்பா மட்டும் ஏறினார். சைத்தூன் பீவி போனில் யாரிடமோ "பிரஷர் சேம்பர்ங்க சார், மெட்ராஸ்ல... ஆமா, ரோட்டு வழியா... நான் சொல்றதக் கேளுங்க சார்" என்று கத்திக்கொண்டே வந்தாள். தஞ்சாவூர் ரோட்டில் ஏறும் முன்பே வண்டி நின்றுவிட்டது. குறுவை அறுப்பு முடிந்த நெல்லைச் சாலையில் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பாதியில் எதிரே ஒரு அறுப்பு மெஷின். டிரைவர் வீரையன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

சகாயநாதன் முன்பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். மழை வருவதற்குள் காயவேண்டிய நெல். குத்தகைக்காரர் அவர். சிந்தின நெல்லைத் தன் வாழ்நாள் முழுக்கக் காலால் மிதிக்காமல் தாண்டிப் போகிறவர்.

"நெல்லு மேலயே ஏத்துப்பா" என்றார்.

"ஐயா, சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். ஏத்து."

டயருக்கடியில் நெல் நொறுநொறுவென்று அரைபட்டது. வெளியே ஒரு பெண் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு திட்டுவது கேட்டுத் தேய்ந்தது.

எல்சி அவரை மன்னிக்கவில்லை. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. மூச்சை இழுத்து விடுவது ஒன்றுதான் வேலை. அவர் குனிந்து அவளுடைய இடது பாதத்தைக் கையில் எடுத்து, கட்டைவிரலை அழுத்தினார். "தெரியுதா?"

தலையாட்டினாள்.

உள்ளங்காலுக்குப் போனார். "இங்க?"

தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான், தான் அவருடைய விரலைப் பார்த்து ஆட்டுகிறோம் என்று உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அவள் கண்ணையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, அவளுடைய கால்மேல் போட்டு மூடினார்.

"பாக்காமச் சொல்லு" என்றார். "யாருக்காகவும் சொல்லாத. தெரிஞ்சாச் சொல்லு."

துண்டுக்கு அடியில் அவர் கை நுழைந்தது. வண்டி குலுங்க, துண்டின் மடிப்புகள் எழுந்து தாழ்ந்தன. அவர் அழுத்துவதில் அசைகிறதா, சாலை ஆட்டுவதில் அசைகிறதா என்று தெரியவில்லை. முகமூடிக்குள் ஆவி படர்ந்து மறைந்தது, படர்ந்து மறைந்தது. எல்சி கண்களை மூடிக்கொண்டு, கீழே, வெகு கீழே, காலைத் தேடினாள்.