ஆயிரத்துக்கு ஒரு கூடை

இந்தியானாவின் அந்தச் சிறிய கல்லூரியில், நான்கு ஆண்டுப் படிப்பில் மொத்தம் ஆயிரம் புள்ளி எடுத்தவன் பெயரைக் கூடைப்பந்து அரங்கின் சுவரில் எழுதுவார்கள். முன்கள ஆட்டக்காரன் டாரெல் ப்ரிகம் தன் கடைசி ஆட்டத்தில் 998-ல் நின்றான். நாற்பது நொடி மிச்சம். பயிற்சியாளர் ஹாஸ்கின்ஸ் அவனை வெளியே அழைத்தார். படிப்பு முடிந்து போகிறவனை இப்படி அழைத்து, அரங்கமே எழுந்து கைதட்டுவது வழக்கம்.

"கோச், இன்னும் ஒரே ஒரு கூடை."

ஹாஸ்கின்ஸ் அவனை இறுகக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னார்: "தெரியும்டா. நாலு வருஷமா பந்தை ஒருத்தனுக்கும் கொடுக்காம உன் புள்ளியவே எண்ணிக்கிட்டிருந்தே. இப்ப உக்காந்து கைதட்டலை எண்ணு."

மேலே பார்வையாளர் வரிசையில் அவன் அம்மா ஆனந்தக் கண்ணீரோடு கைதட்டினாள்.

மறுநாள் பத்திரிகையில் அந்த அணைப்புதான் படம். 'அப்பாவும் பிள்ளையும் போல' என்று போட்டிருந்தார்கள். அடியில் பொடி எழுத்தில், 998.