கழுத்தில் ஒரு கோடு

எனக்குப் பெயின்ட் கைராசி என்று சொல்பவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். ராசியாவது மண்ணாவது. ஸ்பிரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். கை ஓயும்வரை குலுக்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். கிட்டே பிடித்தால் வழியும், எட்டப் பிடித்தால் சொரசொரக்கும். இதை என் அண்ணனிடம் சொல்வதும் ஒன்று, சுவரிடம் சொல்வதும் ஒன்று.

அவன் தன் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து, ஃப்ரேமை மட்டும் என் ஷெட்டுக்குத் தூக்கி வந்திருந்தான்.

"கண்ணாடி மாதிரி இருக்கணும் தங்கச்சி. தடவினா விரல் எங்கயும் தட்டக் கூடாது."

வண்டி தயாரானதும் அண்ணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி மாமியார் வீட்டுக்குப் போகப் போகிறானாம். போன தடவை போனபோது மச்சினன் இந்த வண்டியைப் பார்த்து, "என்ன மாமா, சொறி பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டான். அதிலிருந்து இவனுக்குத் தூக்கமில்லை.

ஃப்ரேமைத் தடவிப் பார்த்தேன். நான் தொட்டதிலேயே வழவழப்பானது அதுதான். வேலை சுலபமாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். ப்ரைமர் அடித்தேன். காய்ந்ததும், ஹேண்டில் பொருந்துகிற கழுத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. என்னைத் திட்டிக்கொண்டே உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து மறுபடி அடித்தேன். மறுபடி கோடு. சரி, கறுப்பு அடித்தால் மூடிவிடும் என்று அடித்தேன். கறுப்பு காயக் காய, அதே இடத்தில் அதே கோடு.

வழிசல், சுருக்கம், தூசி எல்லாம் பார்த்திருக்கிறேன். துரத்தத் துரத்த அதே இடத்துக்கு வந்து உட்காருகிற குறையைப் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. கழுத்தில் குழாய்கள் சேருமிடத்தில் எந்த வண்டிக்கும் வெல்டிங் மேடு இருக்கும். இதில் இல்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கழுத்துல மேடு எங்கண்ணே?"

"மெஷின் வெச்சுத் தேய்ச்சு இறக்கிட்டேன். மேல புட்டி வெச்சு சமம் பண்ணினேன். எப்படி இருக்கு?"

"எப்போ?"

"மழைக்கு முன்னாடி. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை ரெண்டு பேரும் இதுல ஊர் சுத்திட்டோம். உனக்கு அடிக்க வரலைன்னா வண்டி மேல பழியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

வாய்ச்சண்டையில் அவனை ஜெயிக்க முடியாது. ஃப்ரேமை மேசையோடு இறுக்கிக் கட்டி, சுத்தியலால் கழுத்தில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். கழுத்து ஒடிந்து கீழே விழுந்தது. உடைந்த இடம் சுற்றிலும் பழுப்பாகத் துரு, பழைய விரிசல். ஒரு நக அகலத்துக்கு மட்டும் புது இரும்பு மின்னியது. இத்தனை நாள் இரண்டு உயிரைச் சுமந்தது அவ்வளவுதான்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன்.

"உங்கண்ணிகிட்ட சொல்லாதே. பயந்துடுவா."

"சொல்லல. நல்ல வெல்டரா பாத்துக் குடு. மேடு அசிங்கமா இருந்தாலும் அதைத் தொடாதே. அதுதான் வண்டியைப் பிடிச்சிட்டிருக்கு."

சத்தியம் கேட்டேன். என் கையில் அடித்துச் செய்தான்.

அதற்குப் பிறகு ஃப்ரேம் என்னிடம் வரவில்லை. ஒருநாள் காலை வாசலில் ஹாரன் அடித்தது. முழு வண்டி, கறுகறுவென்று, முகம் பார்க்கலாம். பின்னால் அண்ணி, மடியில் துணிப்பை.

"உனக்கு எதுக்குக் கஷ்டம்னு வேற ஆள்கிட்ட குடுத்து அடிச்சிட்டேன்" என்றான்.

பெயின்டை நான் பார்க்கவே இல்லை. டேங்குக்கு முன்னால் கையை விட்டுக் கழுத்தைத் தடவினேன். ஒரு மேடு கிடைத்துவிடாதா என்று விரல் தேடியது. வழவழவென்று இருந்தது.

"அண்ணே, சத்தியம் பண்ணினியே."

"லேசாத்தான் தேய்ச்சேன். ரொம்பத் துருத்திட்டு இருந்துச்சு. புது வெல்டிங், ஒண்ணும் ஆகாது."

"அண்ணி, இறங்குங்க. இந்தக் கழுத்து அன்னிக்கு என் ஒரு அடியில ஒடிஞ்சு விழுந்துச்சு. இதுல போகாதீங்க."

அண்ணியின் முகம் மாறியது. ஒரு காலைத் தரையில் ஊன்றி அண்ணனைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"இவளைவிட நல்லா அடிச்சிட்டான்ல, அந்த வயித்தெரிச்சல்."

அண்ணி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அடுத்தவன் அடித்த பெயின்டை நான் இதுவரை நல்லது என்று சொன்னதே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"வந்து பேசிக்கலாம்மா" என்று சொல்லிக் காலை மேலே எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான் ஹேண்டிலைப் பிடித்தேன். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், அண்ணனாகவே பிரித்துவிட்டுக் கிளட்சை விட்டான்.