பன்னிரண்டு அடி நகர்ந்த எல்லை

ஐப்பசி மழை அந்த வருடம் செம்மநத்தத்தில் மூன்று நாள் விடாமல் அடித்தது. சித்தனின் காட்டு நிலத்தில் கீழ்ச்சரிவில் கிடந்த மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டுபோய் ஓடையில் சேர்த்தது. மண் போன இடத்தில் ஒரு வெங்கச்சாங்கல் வரி வெளியே வந்தது. கருங்கல்லுக்கு நடுவே சாண் அகலத்தில், சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளையாக ஓடையை நோக்கி இறங்கியது.

அதைப் பார்த்ததும் சித்தனின் தம்பி செல்லப்பன் பெட்டியைத் திறந்து அப்பன் எழுதிவைத்த பாகக் காகிதத்தை எடுத்தான். 'மேட்டுப்பாறையிலிருந்து ஓடை வரைக்கும் வெங்கச்சாங்கல் வரியே எல்லை' என்று அதில் இருந்தது. பாறையிலிருந்து பாதிச் சரிவு வரைக்கும் வரி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதான். அதற்குக் கீழே மண் மூடிக் கிடந்ததால், அண்ணனும் தம்பியும் நேராகக் கயிறு பிடித்து வேலி போட்டிருந்தார்கள். இப்போது வெளிப்பட்ட வரியோ வேலியைத் தாண்டி, கிழக்கே சித்தன் பக்கத்தில் பன்னிரண்டு அடி தள்ளி ஓடியது.

"இதுதான் எல்லைங்கண்ணா. காயிதத்துல இருக்குது," என்றான் செல்லப்பன்.

"அது வேற கல்லு. நம்ம கல்லு நேராத்தான் போவுது," என்றார் சித்தன்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சித்தன் மனைவி மாதம்மாளுக்கு அந்தப் பன்னிரண்டு அடிதான் உயிர். அதில் அவள் கையால் நட்ட ஆறு ஆரஞ்சு மரமும் ஒரு வரிசை காப்பிச் செடியும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சௌசௌ மூட்டையோடு ஏற்காட்டுச் சந்தைக்குப் போனவள், ஏரி ரோட்டோரம் பதினைந்து பெண்பிள்ளைகள் சுத்தியலால் பாறையைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள். கூட இருந்த கண்ணாடி போட்ட அம்மாள், சேலம் கல்லூரியில் பூமியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவராம். பெயர் ராஜேஸ்வரி.

"ஏனுங்க, ரெண்டு கல்லப் பாத்து ஒண்ணா வேறயான்னு சொல்லிருவீங்களா?"

"பாத்தாத்தாங்க தெரியும். எங்க இருக்கு?"

மறுநாள் காலை கல்லூரி வேன் செம்மநத்தத்துக்கே வந்துவிட்டது. ஆண்கள் இருவரும் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார்கள். ராஜேஸ்வரி மேல் வரியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். பிறகு கீழ் வரியையும். இரண்டையும் குனிந்து பார்த்துவிட்டு மாதம்மாளைக் கூப்பிட்டார்.

"மேல இருக்கிறதுல மேக்கு ஓரமா ரோஸ் கலர்ல விரல் தடிமனுக்கு ஒரு பட்டை இருக்கு, பாத்தீங்களா? கீழயும் அதே ஓரத்துல அதே பட்டை. அகலமும் ஒண்ணு. ரெண்டும் ஒரே கல்லுங்க."

"ஒரே கல்லு எப்படிங்க தள்ளிப் போவும்?"

"ஒடஞ்சு நகந்திருக்கு. பக்கத்துல இருந்து பூமி அழுத்துது. ஆழத்துல சூட்டுல இருக்கிறப்ப பாறை மெதுவா வளைஞ்சு மடியும். மேல ஆறிப் போய் இருக்கிறப்ப அழுத்தினா ஒடைஞ்சு, ஒரு பாதி அடுத்த பாதியை ஒரசிக்கிட்டு நகரும்."

"எங்கூட்டு ராகிக் களி மாதிரிங்க. சூட்டுல அமுக்குனா வளையும், ஆறுனா வெடிச்சுப் போவும்."

ராஜேஸ்வரி சிரித்துவிட்டு, மாணவிகளை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். இரண்டு வரிக்கும் நடுவே, சரிவுக்குக் குறுக்காக ஓடிய வெடிப்பில் மாதம்மாளின் விரலை எடுத்து வைத்தார். கல் அங்கே கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது. அதன்மேல் மெல்லிய கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாக, கிழக்கு மேற்காக ஓடின.

"இது எப்ப நடந்ததுங்க?"

"மனுசனே இல்லாதப்ப. கோடிக்கணக்கான வருசம் இருக்கும்."

மாதம்மாள் சற்று நேரம் ஆரஞ்சு மரங்களையே பார்த்திருந்தாள். "வேற கல்லுன்னு சொல்லிப்போடுங்களேன்," என்றாள்.

"நீங்க கேட்டீங்க, உங்ககிட்ட சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்றதுக்கு நான் வரலைங்க," என்றார் ராஜேஸ்வரி. வேன் கிளம்பிப் போனது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் மாதம்மாள் நினைத்தாள். இரண்டு நாள் இருந்தும் பார்த்தாள். ஆனால் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகப் போகும்போதெல்லாம், அவள் கண் தன்னாலே கீழ் வரியைப் பிடித்து மேற்கே இழுத்து மேல் வரியோடு ஒட்டவைத்தது. பட்டையும் பட்டையும் பொருந்திக்கொள்ளும். மூன்றாம் நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் போய் நின்றாள்.

"காளியாயி, இங்க வா."

செல்லப்பன் மனைவி காளியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தாள். வெடிப்பில் விரலை வைத்ததும் திருப்பின முகம் திரும்பி வந்தது.

"வழுக்குதேக்கா."

"ஒரசிக்கிட்டுப் போயிருக்குது. கல்லு ஒண்ணுதான். எல்லை உங்களுதுதான்."

காளியாயி மரங்களை ஒரு பார்வை பார்த்தாள். "மரம் நீ வெச்சது. அது காய்க்கிற வரைக்கும் பழம் உனக்குத்தாங்க்கா. அவருகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் பேசினாள், செல்லப்பனும் தலையாட்டினான். சித்தன்தான் மனைவி போட்ட சோற்றைத் தின்றபடியே நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் யாரும் பார்க்காதபோது போய், வெடிப்பில் தன் விரலை வைத்துப் பார்த்தார். அன்று மத்தியானமே கடப்பாரையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார்.

வேலியைப் பிடுங்கி நட்டார்கள். மேலிருந்து நேராக இறங்கி, வெடிப்பு வந்ததும் கிழக்கே திரும்பிப் பன்னிரண்டு அடி போய், மறுபடி ஓடைக்கு இறங்கியது வேலி. முக்கில் கம்பு ஊன்றும்போது அடுத்த தகராறு ஆரம்பித்தது.

"கீழ்ப்பாதிதான் கெழக்க போயிருக்குது," என்றார் சித்தன்.

"இல்லீங்கண்ணா, மேல்பாதி மேக்க போயிருக்குது."

"நீ கண்டியா?"

"நீங்க கண்டீங்களா?"

இரண்டில் எது நகர்ந்தது என்று டீச்சரம்மாவைக் கேட்காமல் விட்டோமே என்று மாதம்மாளுக்குத் தோன்றியது. காளியாயியும் அவளும் ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து, ஆண்கள் கத்துவதைக் கேட்டபடி பழம் உரித்துத் தின்றார்கள்.