கட்டைக்கு வைத்த பொட்டு

தச்சு வேலைக்கு வந்த குரு டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது, தரையில் அடித்திருந்த கட்டைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரமும் சுற்றியிருந்தது. சூடத்தின் வாசனை இன்னும் போகவில்லை.

இது யார் வேலை என்று குமுதாவுக்கு உடனே புரிந்தது.

மலேசியாவின் கிள்ளான் நகரில் அந்த ஒற்றைக் கடை இப்போதுதான் இரண்டாகிக்கொண்டிருந்தது. முன்பாதி மூத்த ஓர்ப்படி புஷ்பவல்லியின் பூக்கடை. பின்பாதி குமுதாவின் கேட்டரிங் சமையல்கட்டு. நடுவில் மரச்சட்டம் அடித்து ஜிப்சம் பலகைச் சுவர். குமுதாவின் சாப்பாட்டு அண்டாக்கள் பூக்கடை ஓரமாக ரோட்டுக்குப் போக, அதில் ஒரு வாசல். இது புஷ்பவல்லியின் கணவர் பழனியப்பன் சொன்ன முடிவு. பின்பக்கச் சந்தில் வேன் நுழையாது. அந்த வாசல்தான் குமுதாவின் பிழைப்பு.

புஷ்பவல்லிக்கு வாசலே பிடிக்கவில்லை. "சாம்பார் நாத்தத்துல எவன் மாலை வாங்குவான்?"

குரு காலையிலேயே விளக்கியிருந்தான். கீழ்க்கட்டையைச் சுவர் நீளத்துக்கும் ஒரே ஓட்டமாக அடித்து, வாசலுக்கு இருபுறமும் கால்களை நிறுத்தி, மேலே குறுக்குக்கட்டை போடுவது. "அப்பத்தான் ரெண்டு காலும் நேரா நிக்கும். கடைசியில வாசல்ல இருக்கிற துண்டை மட்டும் அறுத்து எடுத்திடுவேன். தள்ளுவண்டி வழுக்கிட்டுப் போகும்."

அதைப் புஷ்பவல்லியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அறுத்துடு குரு" என்றாள் குமுதா.

குரு ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "பொட்டு வெச்ச கட்டைமேல ரம்பம் வெக்க மாட்டேன்கா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

புஷ்பவல்லி மாலை கட்டுவதை நிறுத்தவில்லை. "வாசல்னா படி வேணாமா? நிலை வெச்சா பூஜை போடறது நம்ம வழக்கம்தானே? உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன் லா."

"ஜிப்சம் சுவருக்கு எதுக்குக்கா படி? வண்டி எப்படித் தாண்டும்?"

"தூக்கிட்டுப் போ. உடம்பாவது குறையும்."

நாளைக்கு ஷா ஆலம் ஃபேக்டரிக்கு முதல் சாப்பாடு. குமுதா காலி அண்டாவோடு வண்டியைத் தள்ளிப் பார்த்தாள். சக்கரம் கட்டையில் முட்டி நின்றது. அண்டா மூடி தெறித்து, பூக்கடைக்குள் உருண்டோடி விழுந்தது.

"காலியாவே இந்த ஆட்டமா!" புஷ்பவல்லி சிரித்தாள். "நாளைக்குச் செருப்பைக் கழட்டி வெச்சிட்டு உக்கார்றேன். சாம்பார்ல கால் நனைச்சதில்ல."

குமுதா ரம்பத்தைப் பிடுங்கப் போனாள். குரு விடவில்லை. "நீங்க அறுத்தாலும் பாவம் என் ரம்பத்துக்குத்தான்கா!"

அவள் நின்றாள். பந்திங் ஊரில் அவள் பிறந்த வீட்டுப் பக்கத்துக் கோயிலைப் போன வருஷம்தான் இடித்துக் கட்டினார்கள்.

"குரு, கோயிலை இடிக்கிறப்போ சாமியை என்ன பண்றாங்க?"

"பாலாலயம்கா. சாமியைக் கும்பத்துல இறக்கி வேற இடத்துல வெச்சிட்டு, அப்புறம்..." குரு பாதியில் நிறுத்தி மீசையைத் தடவிக்கொண்டான்.

குமுதா சமையல்கட்டிலிருந்து பித்தளைச் சொம்பில் தண்ணீரும் ஒரு தேங்காயும் கொண்டுவந்தாள். புஷ்பவல்லியின் வாளியிலிருந்து ஒரு மாவிலைக் கொத்தைக் கேட்காமலே உருவினாள். கட்டையிலிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் வழித்துச் சொம்பில் விட்டாள். சரத்தை அவிழ்த்து அதன் கழுத்தில் சுற்றினாள். வாயில் மாவிலையைச் செருகி, மேலே தேங்காயை வைத்து, சூடம் ஏற்றினாள்.

"தாயே, கட்டையை விட்டு இதுல வந்து உக்காரு."

புஷ்பவல்லி துள்ளி எழுந்தாள். "என்ன கூத்து இது? நீ என்ன ஐயரா?"

"நீங்க பூஜை போட்டப்போ எந்த ஐயர் வந்தாருக்கா?"

குரு கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரம்பத்தை வைத்தான். இருபுறமும் அறுத்து, துண்டை நெம்பி எடுத்து, மரத்தூளையும் கூட்டிவிட்டான். தரை வழவழவென்று கிடந்தது.

குமுதா சொம்பைக் கொண்டுபோய் ஓர்ப்படியின் பூமேசை நடுவில் வைத்தாள். "நீங்க கூப்பிட்ட சாமி. உங்ககிட்டயே இருக்கட்டும். காலையில பூ, சாயந்தரம் விளக்கு, வெள்ளிக்கிழமை பொங்கல். ஒரு நாள் விட்டாலும் குத்தம்லா. என்ன குரு?"

"ஆமாக்கா, பெரிய குத்தம்."

மாலை வாங்க வந்திருந்த ஓர் ஆன்டி சொம்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புஷ்பவல்லியால் அதை எடுக்கவும் முடியவில்லை, இருக்க விடவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குமுதா அண்டாவைத் தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி வண்டியைத் தள்ளினாள். சக்கரம் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டியது. புஷ்பவல்லியின் ஸ்டூல் பக்கத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள்.

"செருப்பை மாட்டிக்கிட்டே உக்காருங்கக்கா. நனையாது."