சொந்தக்காரர் யாரும் இல்லை

முகேஷுக்கு வாய் அப்படி. பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தண்ணீர் கேன் போடுகிறவர் அண்ணன், எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சித்தப்பா, மாவு மிஷின்கார அம்மா பெரியம்மா. யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு நாக்கு வராது. அப்படிப்பட்டவனைப் போய், பி.காம் கடைசி வருஷத்துப் பயிற்சி என்று, எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே முதல் நாளே சொன்னது, எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும், மேனேஜர் உட்பட! பாவம், மேனேஜர் ஸ்ரீவித்யாவை ஒரு வாரம் எதுவும் கூப்பிடாமல், எதிரே போய் நின்று தொண்டையைக் கனைத்தே சமாளித்தான். அப்புறம் 'மேடம்' என்று ஆரம்பித்தான். அவரும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்.

இன்னொரு விதியும் சொன்னார்கள். கணக்குப் பார்க்கப் போகிற கம்பெனியில் நமக்குச் சொந்தக்காரர் யாராவது வேலை செய்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நியாயம்தானே? வேண்டியவர் கணக்கை வேண்டியவரே பார்த்தால் அதற்குப் பெயர் ஆடிட்டா? பொம்மசந்திராவில் மிக்ஸி ஜாடி செய்கிற தொழிற்சாலைக்குப் போகிற முறை வந்தபோது கம்ப்யூட்டர் அந்தக் கேள்வியைக் கேட்டது. முகேஷ் யோசிக்கவே இல்லை, 'இல்லை' என்று அழுத்தினான். பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவருக்குத்தான் ஆடிட் நிறுவனத்தில் நிரந்தர வேலை. ஸ்ரீவித்யா யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு. அந்த வேலை முகேஷுக்குத் தூக்கத்தில்கூட வேண்டியிருந்தது.

தொழிற்சாலைக்குப் போய்ச் சரக்கு எண்ணுகிற வேலை. எண்ணினானோ இல்லையோ, காலையிலேயே ஊரைக் கூட்டிவிட்டான். கேட்டில் நின்ற செக்யூரிட்டி மாமா ஆனார். கேண்டீன் காந்தா அத்தை ஆனாள். சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஓஸ்வால்ட் அண்ணன் ஆனதோடு, சாயந்திரம் சில்க் போர்டு ஜங்ஷன் வரை பைக்கில் கொண்டுபோய் விடுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். ஒரே ஒருவரை மட்டும் முகேஷ் 'சார்' என்றான். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் நாராயணசாமி. அவரும் இவனைப் பார்த்து, "குட்மார்னிங் சார்" என்றார், கன்னத்தில் தசைகூட அசையாமல்.

அந்த நாராயணசாமிதான் இவனுடைய சொந்தத் தாய்மாமன். அம்மாவோடு கூடப் பிறந்த தம்பி. இவனுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவர்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் ஸ்ரீவித்யா அவனைக் கார் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். மல்லேஸ்வரத்துக்காரர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும்.

"முகேஷ், ஸ்வல்ப இங்க வா. கேட்ல நிக்கறவர் உனக்கு மாமாவா?"

"ஆமா மேடம்."

"கேண்டீன்ல இருக்கறவா?"

"அத்தை மேடம்."

"ஐயையோ! ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா? ஏன்டா சொல்லலே?"

"சேச்சே! அவரு நேபாள்காரரு மேடம்."

ஸ்ரீவித்யா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ எல்லாம் சும்மாவா?"

"சும்மாதான் மேடம். வாய்ல வந்துடுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. "என்னை ஒரு நிமிஷம் கலக்கிட்டே போ! இந்த ஃபேக்டரிலயே நீ ஒழுங்கா பழகறது ஒருத்தர்கிட்டதான், நாராயணசாமிகிட்ட. சார், சார்னு என்ன ஒரு டிஸ்டன்ஸ்! க்ளையண்ட்கிட்ட அப்படித்தான் இருக்கணும். சாயந்திரம் ஸ்டோர்ஸ் கணக்குல கையெழுத்துப் போட்டுட்டு நம்ம ஃபர்ம் பார்ட்னருக்கு மெயில் அனுப்பப் போறேன். உன் பேரைத்தான் சொல்றதா இருக்கேன்."

அட கடவுளே! இதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். 'தேங்க்ஸ் மேடம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை கையில். யாருக்குத் தெரியப் போகிறது? மாமா சொல்ல மாட்டார், அவருக்குத்தான் இவன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காதே. ஆனால் காலையில் ஒன்று நடந்திருந்தது. கடைசி அலமாரியில் சீல் வைத்த பெட்டிகள் இருந்தன. "உள்ள ஜாடி மூடி சார்" என்றார் மாமா. ஓஸ்வால்டாக இருந்தால், "ஒண்ணு தெறந்து காட்டுண்ணா" என்று இளித்துக்கொண்டே கேட்டிருப்பான். மாமாவிடம் கேட்க வரவில்லை. கேட்டால், 'அக்கா பையன் என்னையே சந்தேகப்படறான்' என்று இருக்கிற சண்டை இன்னும் பெரிதாகும். திறக்காமலே மூடி என்று எழுதிவிட்டு வந்திருந்தான். அதுதான் இப்போது உறுத்தியது.

"மேடம், அவருதான் மேடம்."

"எவர்?"

"நாராயணசாமி சார். எங்க அம்மா கூடப் பொறந்த தம்பி. சொந்தத் தாய்மாமன்."

"சாரா?"

"சாருதான் மேடம்."

ஸ்ரீவித்யா கார்மேல் சாய்ந்துகொண்டார். "அப்பறம் ஏன்டா இல்லைன்னு போட்டே?"

"பேச்சுவார்த்தை இல்ல மேடம். என் கூடப் பொறந்த வீணா அக்கா கல்யாணப் பத்திரிகைல அவர் பேரு விட்டுப்போச்சி. அவரு கல்யாணத்துக்கே வரல. அன்னிலேர்ந்து எனக்குத் தம்பியே கெடையாதுன்னு அம்மா சொல்லிடுச்சி. இல்லன்னா இல்லதானேன்னு..."

அம்மா சொன்னாளாம், இந்தத் துரை எழுதிக்கொண்டாராம்! ஆடிட் படிக்கிற லட்சணம்.

"பேச்சுவார்த்தை இல்லைன்னா உறவு இல்லைன்னு ஆயிடுமா? அப்படிப் பார்த்தா எனக்கு இந்த பெங்களூர்ல சொந்தக்காராளே கிடையாது!" என்று வெடித்துச் சிரித்தார் ஸ்ரீவித்யா. பெட்டி விஷயத்தையும் அவன் சொன்னதும் சிரிப்பு நின்றது. "நீ எண்ணினது செல்லாது. நாளைக்கு நம்ம ஆபீஸ்லேர்ந்து ரக்ஷிதா வந்து எல்லாத்தையும் திறந்து எண்ணுவா. நீ இனிமே இந்த கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது."

"வேலை, மேடம்?"

"இல்லைன்னு போட்டதையும் எழுதுவேன். நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீயாவே சொன்னதையும் எழுதுவேன். பார்ட்னர் என்ன சொல்றாரோ, எனக்குத் தெரியாது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "போ, ஸ்டோர்ஸை நாளைக்கும் திறக்கணும்னு உங்க சார்கிட்ட நீயே சொல்லிட்டு வா."

நாராயணசாமி ஸ்டோர்ஸ் வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார்.

"நாளைக்கு மறுபடி எண்ணணுமாம்" என்றான் முகேஷ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்னாத்துக்கு? எதுனா கொறையுதா?" அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"கொறையல. நான் எண்ணினது செல்லாதாம்."

"ஏன் செல்லாது? நல்லாதான எண்ணின?"

கண்டவரையெல்லாம் கூப்பிட்ட அந்த வாய் இப்போது ஒட்டிக்கொண்டது.

"நீங்க எனக்குத் தாய்மாமன்னு சொல்லிட்டேன், மாமா."

நாராயணசாமி சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

"அதனால உன் வேலைக்கு எதுனா..."

"தெரியல மாமா. வந்தாலும் வரும், போனாலும் போகும்."

"பைத்தியக்காரப் பையன்டா நீ! வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னா?" என்று அதட்டினார். அதட்டல் பாதியில் உடைந்துபோய்விட்டது. பூட்டாத கதவைப் பூட்டினார், எதற்கோ மறுபடி திறந்தார். அவனைப் பார்க்காமலே கேட்டார்: "அப்ப இனிமே நீ இங்க வர மாட்ட?"

"வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க மாமா."

"இங்கதான வரக்கூடாது?" நாராயணசாமி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம பொம்மனஹள்ளிக்கு வா, வீட்டுக்கு. எங்க அக்காவையும் இட்டுக்கினு வா."